ஆடி வெள்ளியும் மூன்றாவது எச்சரிக்கையும்

அனுமதியில்லாத பாட்டைப் பகிர்ந்ததாக இணைய நிறுவனத்திலிருந்து இரண்டு எச்சரிக்கைகள் வந்துவிட்டன. வீட்டு இணையப் பெட்டி எல்லாவற்றையும் ஒட்டுக்கேட்கும். முதலாவது, சௌந்தரி சமையலறையில் ஒரு பாட்டை முணுமுணுத்ததற்கு. அடுத்தது, அவள் கணவன் தணிகைவேல் குளிக்கும்போது சீட்டியடித்ததற்கு. மூன்றாவது வந்தால் இணைப்பைத் துண்டித்துவிடுவார்கள். மகள் பூவிழியின் மூச்சுக் கருவி அந்த இணைப்பில்தான் ஓடுகிறது.

இன்று ஆடி வெள்ளி. தெருமுனை அம்மன் கோயிலில் குழாய் ஸ்பீக்கர் கட்டியிருந்தார்கள். தணிகைவேல் ஜன்னல் இடுக்குகளில் பழைய புடவைகளைத் திணித்தான்.

"கோயில்காரங்க லைசென்ஸ் வாங்கியிருப்பாங்கல்ல?" என்றாள் சௌந்தரி.

"அது அவங்களுக்கு. நம்ம வீட்டுக்கு யாரு வாங்குனா?"

பாட்டு சுவரைத் தாண்டி மெல்லத்தான் கேட்டது. இணையப் பெட்டியின் விளக்கு பச்சையாகவே இருந்தது. பூவிழி கண்ணை மூடிக்கொண்டாள். சௌந்தரி அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

விளக்கு மஞ்சளானது. பெட்டி எதையோ கேட்டுவிட்டது; இன்னும் கேட்டால் சிவப்பு, மூன்றாவது எச்சரிக்கை.

"யாரு பாடுனா?" தணிகைவேல் உதட்டை மட்டும் அசைத்துக் கேட்டான்.

யாரும் பாடவில்லை. சௌந்தரி குனிந்து பார்த்தாள். மகளைத் தூங்கவைக்கத் தட்டிக்கொண்டிருந்த அவள் கை, கோயில் பாட்டின் தாளத்தைப் பிடித்திருந்தது. கையை அப்படியே அந்தரத்தில் நிறுத்தினாள்.

பூவிழி கண் திறக்காமல் சொன்னாள்: "தட்டும்மா."