ஃப்ரிட்ஜுக்குள் முருங்கைக்கீரை

புது ஃப்ரிட்ஜைத் திறந்தபடி நிற்கிறாள் ஆதிலட்சுமி. ஏழு மாத வயிறு கதவில் இடிக்கிறது. சக்திவேல் ஞாயிற்றுக்கிழமை ஒரு வாரத்துக்கும் சேர்த்து வாங்கிவந்த முருங்கைக்கீரை, காம்பை விட்டு உதிர்ந்து, பிளாஸ்டிக் பையின் வேர்வையில் மஞ்சளாக ஒட்டிக் கிடக்கிறது. “ரத்தம் கம்மி, அன்னன்னிக்குப் பறிச்ச கீரையா சாப்பிடுன்னு நர்சம்மா சொன்னது உங்க காதுலயும்தானே விழுந்துச்சு? வெச்சிருந்தா சத்து போயிடும்னாங்களே!” “சத்து எங்கடி போவும்? கதவு சாத்தித்தானே இருக்குது,” என்கிறான். தினமும் மார்க்கெட்டுக்குப் போகச் சோம்பல்படும் புருஷனுக்கு அதைவிட நல்ல ஜோக் வாயில் வரவில்லை. அவள் சிரிக்கவில்லை. பையை அவன் காலடியில் வீசிவிட்டு, கீழ் இமையை விரலால் இழுத்து அவன் முகத்தருகே காட்டுகிறாள். உள்ளே சுண்ணாம்பாக வெளுத்திருக்கிறது. “அப்ப என்னையும் உள்ள வெச்சு சாத்திடுங்க.” கீரை வாங்கிவரக் கிளம்பும் சக்திவேல், சைக்கிள் சாவியை வீடெல்லாம் தேடுகிறான். அது அவன் கையில்தான் இருக்கிறது.