வேர்க்கிற தகரம்

கொட்டகைக்குள் மழை சொட்டிக்கொண்டிருந்தது. வெளியே தை மாதத்து வெயில் பளிச்சென்று ஏறத் தொடங்கியிருந்தது. பாளையங்கோட்டையில் மழை பெய்து ஒரு மாதத்துக்கு மேலாகிவிட்டது.

"மணி ஏழாச்சு, இன்னமும் சொட்டுதே" என்று அண்ணாந்து பார்த்தான் கூரை வேலை பார்க்கும் மாரிக்கண்ணு. சொல்லி வாய் மூடவில்லை, ஒரு சொட்டு அவன் நெற்றியிலேயே விழுந்தது. தானியேல் பழந்துணியால் லேத்தைத் துடைத்தபடி நின்றார்.

லேத்து, காயில் சுற்றும் மெஷின், சுவர் நிறைய ஸ்பேனர்கள் எல்லாம் அவர் மகன் ஹெப்ரானுடையவை. வீட்டுக்குப் பின்னால், கால்வாய்க் கரையை ஒட்டி இந்தத் தகரக் கொட்டகையைப் போட்டு, எரிந்துபோன தண்ணீர் மோட்டார்களுக்குச் செம்புக்கம்பியில் காயில் கட்டிக்கொண்டிருந்தான். பதினோரு மாதத்துக்கு முன் நான்குவழிச் சாலையில் ஒரு லாரி. அவ்வளவுதான்.

அன்றிலிருந்து தானியேலுக்கு எதுவும் உறைப்பதில்லை. என்ன சாப்பிட்டோம் என்று கேட்டால் யோசித்துத்தான் சொல்ல வேண்டும். கோயிலில் ஞாயிறு ஆராதனைக்கு எல்லாரும் எழுந்தால் எழுவார், உட்கார்ந்தால் உட்காருவார். துரு ஒன்றுதான் அவருக்கு உறைத்தது. மகன் கைபட்ட ஸ்பேனரில் ஒரு செம்புள்ளி தெரிந்தாலும் பதறிப்போய் எண்ணெய்த் துணியை எடுத்துவிடுவார்.

மாரிக்கண்ணுவும் தன்னால் ஆனதையெல்லாம் செய்துவிட்டான். முதலில் போல்ட்டு ஓட்டைகளைத் தார் வைத்து அடைத்தான். கால்வாய் ஈரமோ என்று தரையில் பிளாஸ்டிக் தாள் விரித்து மேலே சிமெண்டு போட்டான். போன வாரம் சுவருக்கும் கூரைக்கும் நடுவே நாலு காற்றுத்துளை வைத்தான். தகரம் எதையும் சட்டை செய்யவில்லை.

தானியேலின் மனைவி கெசியா கெடு வைத்துவிட்டாள். "இந்த வாரத்தோட சொட்டு நிக்கலன்னா எல்லாத்தையும் மேலப்பாளையத்துல மோட்டார் பட்டறை வச்சிருக்க அப்ராருக்குக் கொடுத்துருவோம். துருப்பிடிச்சுப் போறதுக்கு அந்தப் பையனுக்காவது ஒதவட்டும். நாமளும் நிம்மதியாத் தூங்கலாம்." அந்த வாரம் இன்றோடு முடிகிறது. சாயங்காலம் அப்ராரின் லோடு ஆட்டோ வந்து நிற்கும்.

தூக்கத்துக்கு இவளுக்கு என்ன குறைச்சல் என்று தானியேலுக்குக் கசந்தது. மத்தியானம் சாப்பிட்ட கையோடு அடித்துப் போட்டாற்போலத் தூங்குகிறாள். அடக்கத்துக்குப் பிறகு கொட்டகைப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை, மகன் பேரை வாய்விட்டுச் சொன்னதில்லை. பெற்ற வயிறு இப்படியும் கல்லாகுமா என்று நினைத்து நினைத்து, உள்ளூர அவளை வெறுக்கவே தொடங்கியிருந்தார்.

மாரிக்கண்ணு ஸ்டூலின் மேல் ஏறித் தகரத்தின் அடிப்பக்கத்தை விரலால் வழித்தான். தண்ணீர் முழங்கை வரை ஓடியது. கீழே இறங்கி, கையைக் கைலியில் துடைத்துக்கொண்டு கொஞ்சம் தயங்கினான்.

"அண்ணாச்சி, ஒண்ணு கேக்கேன், தப்பா நெனைக்காதிய. ராத்திரி இங்கன யாரு படுக்கா?"

"யாரும் இல்லவே."

"இது மழையும் இல்ல, வாய்க்கா ஈரமும் இல்ல. ஆளு மூச்சு. பூட்டுன கொட்டகையில ஆளு இருந்தா, மூச்சு மேல போயி, பனியில குளுந்து கெடக்க தகரத்துல பட்டு வேர்க்கும். சிமெண்டு குடோன்ல வாச்மேன் படுத்தாலே விடியக்குள்ள மேல் மூட்டை நனைஞ்சிருமே."

தானியேல் துடைப்பதை நிறுத்தினார். பொய் சொல்லவும் தெம்பில்லை.

"நான்தான். படுக்கமாட்டேன். பத்தரைக்கு வந்து அவன் ஸ்டூல்ல சும்மா உக்காந்திருப்பேன். ஒரு மணிக்கு வீட்டுக்குப் போயிருவேன்."

"மதினிக்குத் தெரியுமா?"

"அவ சுவத்தப் பாத்துத் திரும்பிப் படுத்து நல்லா தூங்குவா. அவளுக்கென்ன."

மாரிக்கண்ணு தலையாட்டினான். ஆனாலும் அவனுக்குத் திருப்தியில்லை. மறுபடி ஏறி, தான் வைத்த காற்றுத்துளையில் உள்ளங்கையைக் காட்டிப் பார்த்தான். காற்று தடையில்லாமல் போய்க்கொண்டிருந்தது.

"கணக்கு ஒதைக்குதே அண்ணாச்சி. ஒரு மணிக்கு நீங்க போயிட்டா, இந்தத் தொளை வழியா ஈரம் பூரா வெளிய போயி, இந்நேரம் காஞ்சிருக்கணும். இது விடியுத வரைக்கும் ஆளு இருந்த ஈரம்லா. சாவி வேற யாருட்ட இருக்கு?"

"ஒரே சாவிதாம்வே. அடுக்களையில ஆணியில தொங்கும். வீட்ல வேற யாரு இருக்கா, நானும் அவளுந்தான..."

சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்திக்கொண்டார். வாசலில் கெசியா இரண்டு டம்ளர் காப்பியோடு நின்றாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை.

உள்ளே வந்தாள். காப்பியை மேஜைமேல் வைக்கப் போனவள், அங்கே சொட்டியிருந்த தண்ணீரை முந்தானையால் ஒற்றி எடுத்துவிட்டு வைத்தாள். புருஷன் முகத்தைப் பார்க்காமல் மாரிக்கண்ணுவிடம் சொன்னாள்.

"இவிய வந்து படுத்த பெறவுதான் நான் இங்க வருவேன், தம்பி."