கீழ் லயம் பதில் சொல்கிறது

"அப்பா, பேசுறத நிப்பாட்டிட்டு மொதல்ல வீட்ட விட்டு வெளிய வாங்க."

தனுஜா ஒரு கையில் போனைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் விசைப்பலகையைத் தட்டிக்கொண்டிருந்தாள். பதுளையில், மண்சரிவு போன்ற ஆபத்துகளைக் கவனிக்கும் அனர்த்தக் குழுவின் சிறிய அறை அது. லீவு முடிந்து அன்றுதான் வேலைக்கு வந்திருந்தாள். வந்ததும் தன் யூனிக்ஸ் கணினியை முடுக்கினாள். திரையில் சிவப்பு எரிந்தது.

பசறைக்கு மேலே, அவள் பிறந்த தோட்டத்தில், மண் நகர்வதை அளக்கும் கருவிகளைக் குழு நட்டிருந்தது. ஒவ்வொன்றோடும் ஒரு குட்டிக் கணினி. அவற்றில் 'கீழ் லயம்' சிவந்திருந்தது. தோட்டத் தொழிலாளர்களின் அந்த வரிசை வீடுகளில்தான் அவள் அப்பா மாடசாமி இருக்கிறார்.

"மழன்னா மண்ணு நனையத்தானே செய்யும்" என்றார் அவர். "நான் போயிட்டா ஆட்ட யாரு பாக்குறது?"

"ஆட்டையும் கூட்டிக்கிட்டு ஸ்கூலுக்குப் போங்க."

"எந்த வகுப்புல சேக்கட்டும்?"

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. "நீங்க நகர்ந்தாத்தான் லயத்துல மத்தவங்களும் நகருவாங்க. கெஞ்சிக் கேக்குறேன்ப்பா."

"போன மாசமும் இப்படித்தான் வெரட்டுனீங்க. பெஞ்சுல படுத்து இடுப்பு வலிச்சதுதான் மிச்சம். இன்னைக்கும் உன் மிஷின் பொய் சொல்லுதோ என்னமோ."

நியாயமான கேள்விதான். தனுஜா முகவரிக் கோப்பைத் திறந்தாள். ஒரு கணினி இன்னொரு கணினியை எண்ணால்தான் கூப்பிட முடியும். எந்தப் பெயருக்கு எந்த எண் என்பது அந்தக் கோப்பில் இருக்கும்; திரையும் அதைப் பார்த்துத்தான் பெயர் காட்டும். ஒவ்வொரு கணினியிலும் அதற்கு ஒரு பிரதி. எதையாவது மாற்றினால், எல்லாப் பிரதிகளையும் மாற்றிவைப்பது, கூட வேலை செய்யும், அவள் அண்ணன் முறையில் 'நானா' என்று கூப்பிடும் மிப்ரானின் வேலை.

'கீழ் லயம்' என்ற பெயருக்கு நேரே இருந்த எண்ணைக் கூப்பிட்டுப் பார்த்தாள். உடனே பதில் வந்தது.

"கருவி உசுரோட இருக்குப்பா. கூப்பிட்டா பதில் சொல்லுது. மண்ணு நகர்ந்துக்கிட்டே இருக்கு."

அவள் மூக்கை உறிஞ்சினாள்.

"அழுவாத. எல்லாரையும் கெளப்புறேன்" என்றார் மாடசாமி.

அதற்குப் பிறகு அவள் நாற்காலியில் உட்காரவே இல்லை. ஜன்னலுக்கும் திரைக்குமாக நடந்தாள். சிவப்புக் கோடு ஏறிக்கொண்டே போனது. போன் அடித்ததும் பாய்ந்து எடுத்தாள்.

"வந்து சேந்துட்டோம்மா. லயத்துல ஒரு ஆளு மிச்சமில்ல. சாரல் அடிக்குதுன்னு கதவயும் சாத்திட்டோம்."

"நான் சொல்ற வரைக்கும் யாரையும் வெளிய விடாதீங்கப்பா."

"சரி. போன்ல சார்ஜ் முடியுது" என்றார். தொடர்பு அறுந்தது.

கதவைத் தள்ளிக்கொண்டு மிப்ரான் உள்ளே வந்தார். பண்டாரவளையிலிருந்து பஸ்ஸில் வந்தவர். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"எந்தக் கருவி, தங்கச்சி?"

"கீழ் லயம், நானா. இன்னும் ஏறுது. நல்லவேளை, எல்லாரையும் ஸ்கூலுக்கு அனுப்பிட்டேன்."

குடையை மடக்கப்போன அவர் கை அப்படியே நின்றது.

"கீழ் லயமா? அது போன கிழம மின்னல் தாக்கிக் கருகிப் போச்சே. நான்தானே கழட்டி எடுத்துட்டு வந்தேன்."

"இல்ல நானா. இப்பதான் கூப்பிட்டுப் பாத்தேன். பதில் வருது."

மிப்ரான் திரைக்கருகே குனிந்தார். திறந்து கிடந்த கோப்பில் அந்த எண்ணைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"மத்த எல்லா மிஷின்லயும் இந்தக் கோப்ப மாத்தினேன். நீங்க லீவு, இது ஓஃப்ல கிடந்திச்சு. கீழ் லயத்து எண் சும்மாத்தானே கிடக்குன்னு... ஸ்கூலுக்குப் பின்னால மலையில நட்ட புதுக் கருவிக்குக் குடுத்துட்டேன்."