வேட்டிகளுக்குப் பின்னால் ஒரு டப்பா

பீரோவின் மேல்தட்டில் மூடி போட்ட சின்ன பிளாஸ்டிக் டப்பா ஒன்று இருந்தது. விந்துப் பரிசோதனைக்காக ஆஸ்பத்திரியில் முத்தையாவிடம் கொடுத்தனுப்பியது. அவன் அதை வேட்டிகளுக்குப் பின்னால் தள்ளிவிட்டான்.

பக்கத்தில், குழந்தை உண்டாக வேண்டுமென்று அவன் மனைவி செண்பகம் சாப்பிடும் மாத்திரை அட்டை. "உனக்கு என்ன வேலை?" என்று அது டப்பாவைக் கேட்டது.

"விந்து முதலில் கூழ் மாதிரி இருக்கும். அதிலுள்ள நொதிதான் அதை இளக வைக்கும். நொதி சரியாக வேலை செய்யாவிட்டால் உயிரணுக்கள் நீந்த முடியாமல் சிக்கிக்கொள்ளும். என்னில் பிடித்துக் கொடுத்தால் பார்த்துச் சொல்வார்கள். அதற்கு வைத்தியமும் இருக்கிறதாம்."

"பிறகு ஏன் இங்கே கிடக்கிறாய்?"

அப்போது வெளியே பேச்சுக் கேட்டது.

"நீங்களும் அந்தப் பரிசோதனையைப் பண்ணிட்டு வந்துடலாமேங்க," என்றாள் செண்பகம்.

"எனக்கு என்ன குறை? நீ மாத்திரையை ஒழுங்காப் போடு," என்றான் முத்தையா.

அட்டை காலியானது. வேறு அட்டை வந்தது, அதுவும் காலியானது. வந்ததெல்லாம் அதையே கேட்டது, டப்பாவும் சலிக்காமல் சொன்னது.

ஒருநாள் செண்பகம் தன் புடவைகளையெல்லாம் எடுத்துக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போனாள். கடைசி அட்டையில் பாதி மாத்திரைகள் மிச்சமிருந்தன.

பீரோவில் அவள் புடவைத் தட்டு வெகுநாள் காலியாகக் கிடந்தது. பிறகு அதில் வேறு புடவைகள் வந்தன. அப்புறம் ஒருநாள், கண்ணாடி வளையல் போட்ட ஒரு கை புது மாத்திரை அட்டை ஒன்றை டப்பாவின் பக்கத்தில் வைத்தது.

"உனக்கு என்ன வேலை?" என்றது புது அட்டை.



"இவள் பேர் என்ன?" என்று மட்டும் கேட்டது டப்பா.