கடைசிப் பேப்பர்

"ரெண்டு முட்டையில ஒண்ணையாவது தின்னுட்டுப் படி, கண்ணு. உன் கால்ல விழறேன்."

மகள் தட்டைத் தள்ளிவிட்டாள். "சாப்பிட்டா தூக்கம் வரும்மா. நாளை மறுநாள் கடைசிப் பேப்பர். என்னை விடு." பால் கலக்காத காப்பியை மட்டும் எடுத்துக்கொண்டாள். விடிந்ததிலிருந்து அது மூன்றாவது டம்ளர்.

பெற்ற பிள்ளை கண் முன்னாலேயே துரும்பாக இளைத்தால் எந்தத் தாய்க்குத்தான் பொறுக்கும்? வாங்கி வைத்த டானிக் பாட்டிலின் மூடிகூடத் திறக்கப்படவில்லை. மற்ற பேப்பரெல்லாம் எழுதியாகிவிட்டது, மிச்சம் இது ஒன்றுதான். அதற்கு முன்னால் இருபது நாள் இடைவெளி விட்ட புண்ணியவான் யாரோ, அவன் மட்டும் கையில் கிடைத்தால் அம்மா அவனை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பாள்.

"கீழ்வீட்டுப் பொண்ணும் உன் கிளாஸ்தானே? அவ எட்டு மணி வரைக்கும் தூங்குறா, சாயங்காலமானா பந்தடிக்கிறா. நீ மட்டும் ஏண்டி இப்படி உயிரை விடுற?"

"அவ வேற, நான் வேற."

மகளின் உடம்பு அவளுக்கு மட்டும் வேண்டிய உடம்பாக இருந்தால் அம்மாவும் வாயை மூடிக்கொண்டு போயிருப்பாள்.

ஆஸ்பத்திரியில் கிடக்கும் அப்பாவுக்குக் கல்லீரல் போய்விட்டது. குடித்துக் குடித்தே அதைத் தீர்த்துவிட்டார். மகளின் கல்லீரலில் ஒரு பகுதியை வெட்டி வைத்தால் பிழைப்பார், இல்லாவிட்டால் இல்லை. அம்மாவுடையது சேரவில்லை, மகளுடையது சேர்ந்தது.

போன மாதம் அது தெரிந்த அன்று அம்மாதான் பேசினாள். "குடிச்சிட்டுச் செஞ்சதையெல்லாம் மனசுல வெச்சுக்காதடி. நீ மாட்டேன்னு சொன்னா, அவரோட சேர்த்து என்னையும் தூக்கிட்டுப் போக வேண்டியதுதான்."

சொல்லும்போதே இடது கையை மடிக்குள் மறைத்துக்கொண்டாள். அந்தக் கையில் இரண்டு விரல்கள் மடங்காது, அவர் கதவிடுக்கில் வைத்து நசுக்கியவை. தையல் மெஷினில் துணியை இன்றைக்கும் மணிக்கட்டால்தான் தள்ளுகிறாள்.

மகள் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சரிம்மா" என்றாள். அம்மாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

ஆபரேஷன் வருகிற திங்கட்கிழமை. அதற்கு முந்திய கடைசிப் பரிசோதனை இன்றைக்கு. காலையில் எடை பார்த்து, ரத்தம் எடுத்து, மத்தியானம் டாக்டர் இருவரையும் உள்ளே கூப்பிட்டார். மகள் அங்கேயும் புத்தகமும் கையுமாகத்தான் போனாள்.

டாக்டர் காகிதங்களை ஒருமுறைக்கு இரண்டு முறை புரட்டினார். "என்னம்மா இது? போன மாசம் நல்லா இருந்த பொண்ணு. எட்டு கிலோ குறைஞ்சிருக்கா. ரத்தம் ரொம்பக் கம்மி. பிரஷர் என் வயசுக்காரனுக்கு இருக்குற மாதிரி இருக்கு."

"எல்லாம் பரீட்சையால வந்தது டாக்டர். சோறு தூக்கம் இல்லாம படிக்கிறா. ரெண்டே நாள், முடிஞ்சிடும். அப்புறம் நான் ஊட்டி ஊட்டித் தேத்திடறேன்."

"ரெண்டு நாள்ல தேறுற உடம்பு இல்லம்மா இது. இப்ப கத்தி வெச்சா இவளும் போயிடுவா. மூணு மாசமாவது ஆகும்."

"அதுவரைக்கும் அவரு?"

"பத்து நாள் தாங்கினாலே பெரிசு. வேற சொந்தக்காரங்க யாராவது இருக்காங்களா?"

யாரும் இல்லை. இருந்த ஒன்றிரண்டு பேரையும் அவரே அடித்து விரட்டியிருந்தார்.

வெளியே வந்ததும் அம்மா பெஞ்சில் தொப்பென்று விழுந்தாள். நெஞ்சில் அறைந்துகொண்டு அழுதாள். போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாரும் நின்று பார்த்தார்கள். இருபத்திரண்டு வருடம் அடியும் உதையும் வாங்கியவளுக்கு, அந்த மனுஷனுக்காக இவ்வளவு கண்ணீர் எங்கே மிச்சம் இருந்ததோ!

மகள் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொடுத்தாள். அவள் கண்ணில் ஒரு சொட்டு இல்லை. பாவம், மரத்துப்போய்விட்டது பிள்ளைக்கு என்றுதான் அம்மா நினைத்தாள். ஆனால் ஆற்றாமை யார் மேலாவது பாய வேண்டுமே!

"பாழாப்போன பரீட்சை! உங்கப்பா உயிரையே வாங்கிடுச்சே! போடி, போய் அதையாவது ஒழுங்கா எழுதித் தொலை!"

மகள் புத்தகத்தை மூடிப் பைக்குள் வைத்தாள். பிறகு அம்மாவின் காதருகே குனிந்து, நிதானமாகச் சொன்னாள்:

"அது முடிஞ்சு இருபது நாளாச்சும்மா."