பெட்டி பார்த்த பிக்கப்

"ஹலோ, டீசல் பிக்கப் விளம்பரம் பாத்தோம். நான் பெட்டி பேசறேன்."

"பெட்டியா? பெட்டி ஜோரா இருக்கும்மா. பொட்டு துரு கிடையாது. நாலு பக்கமும் தட்டிப் பாத்துக்கலாம்!"

பெட்டிக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"ஐயோ, அது என் பேரு சார். எலிசபெத்தைச் சுருக்கி பெட்டி. ரிச்சர்ட்ஸ் டவுன்லேருந்து பேசறேன். என் வீட்டுக்காரர் மைக்கேல்ராஜ். கல்யாணங்களுக்கு ஜெனரேட்டர் வாடகைக்கு விடறோம். ஜெனரேட்டர் வச்ச டிரெய்லரை இழுக்க வண்டி வேணும். டிரைவர் செலவுகூடக் கிடையாது, இவரே ஓட்டிடுவார்."



"ஓஹோ... வண்டி கொஞ்சம் பழசும்மா. உங்களுக்குச் சரிப்படுமான்னு தெரியல" என்று குரல் இறங்கிப்போய் வந்தது.

ஒரே நிமிஷத்தில் ஜோரான வண்டி எப்படிப் பழசாகும்? பெட்டிக்கு அப்போதே ஏதோ உறுத்தியது. ஆனால் போகாமல் இருக்க முடியாது. அவர்களுடைய பழைய வேன் படுத்துவிட்டது. முகூர்த்த மாசம் பிறந்துவிட்டது. இந்த சீசனைக் கோட்டைவிட்டால் அடுத்த வருஷம் ஒரு மண்டபத்துக்காரனும் கூப்பிட மாட்டான்.

மறுநாள் காலை பெங்களூரின் இன்னொரு மூலையில், ஒக்கலிபுரத்தில் இருந்தார்கள்.

வண்டிக்காரர் ஆராவமுதன், கல்யாண சமையல் கான்ட்ராக்டர். தொழிலை மூட்டை கட்டிவிட்டு மகனோடு புனாவுக்குப் போகிறவர். நெற்றியில் பளிச்சென்று திருமண். பிக்கப்பும் அவரைப் போலவே குளித்துப் பளபளவென்று நின்றது. பின்னால் கொக்கியில், மண்டபங்களுக்கு அவர் தண்ணீர் கொண்டுபோகும் டேங்க் டிரெய்லர். தலை நரைத்த டிரைவர் ஒருவர் பானெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"தண்ணி டேங்கை ரொப்பி ஒரு ரவுண்டு போலாமா சார்?" என்றார் மைக்கேல்ராஜ்.

"போங்கோ. ஆனா ரொம்ப எதிர்பார்க்காதேள்."

டிரைவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, ரயில்வே பாலத்து ஏற்றம்வரை போய்த் திரும்பினார் மைக்கேல்ராஜ். இறங்கும்போது முகத்தில் மாப்பிள்ளைக் களை.

"பெட்டி, இதான் நம்ம வண்டி! அவ்ளோ தண்ணியையும் அலுங்காம இழுக்குது."

"சார் நல்லா ஓட்றாருங்க" என்றார் டிரைவர். சொன்னவர் முகத்தில்தான் சந்தோஷமில்லை.

ஆராவமுதன் உதட்டைப் பிதுக்கினார். "இன்னிக்கு இழுத்துடுத்து. சில நாள் இழுக்கறதுக்குப் பதிலா அதுக்கே இழுப்பு வந்துடும்."

டிரைவர் திடுக்கிட்டுத் திரும்பினார். ஏதோ சொல்ல வாயெடுத்து, மூடிக்கொண்டு, டேங்க் தண்ணீரைத் திறந்துவிடப் போனார்.

"கிளட்ச் எப்படி சார்?"

"நேத்து வரைக்கும் இருந்தது."

"பிரேக்?"

"பெருமாள் விட்ட வழி. பேடம்மா, பேடா. இந்த வண்டி உங்களுக்கு வேண்டாம்."

பெட்டி கணவனைத் தள்ளிக்கொண்டு போனாள்.

"இன்னுமா உங்களுக்குப் புரியல? போன்ல நம்ம பேரைச் சொன்னதுக்கப்புறம்தான் வண்டிக்கு இத்தனை வியாதி. தயிர்சாதம் போன வண்டியில நாம மீன் ஏத்திடுவோம்னு பயம்."

"ஜெனரேட்டருக்கும் மீனுக்கும் என்னடி சம்பந்தம்? சொந்த வண்டியை இவ்ளோ மட்டமாப் பேசற மனுஷனை நான் பாத்ததே இல்ல. வேற என்னமோ இருக்கு."

"ஒண்ணும் இல்ல. நானே கேக்கறேன்."

நேரே வந்து ஆராவமுதன் முன்னால் நின்றாள். மைக்கேல்ராஜும் பின்னாலேயே வந்தார்.

"சார், சுத்தி வளைக்க வேணாம். நாங்க கிறிஸ்டியன்ங்கறதாலதானே குடுக்க மாட்டேங்கறீங்க?"

ஆராவமுதன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார்.

"அபசாரம், அபசாரம்! என் சித்தப்பா பிள்ளை சீனிவாசராகவன் நேத்து வந்தாம்மா. அவனுக்கே இல்லேன்னுட்டேன். இனிமே உன் வாசப்படி மிதிக்க மாட்டேன்னு கோவிச்சுண்டு போயிட்டான்."

"அவருக்கு எதுக்கு இல்லேன்னீங்க?"

"அவனும் தானே ஓட்டிப்பேன்னான்."

பெட்டிக்குப் புரியவில்லை. ஆராவமுதன் டேங்க் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"நான் ஊரைவிட்டுக் கிளம்பறேன். கால் சென்டர் வண்டி ஓட்டற ஆபீஸ் ஒண்ணு விடாம நானே கூட்டிண்டு போனேன். நரைச்ச தலையைப் பாத்ததும் வேண்டாம்னுடறா. வண்டியை ஆயிரம் பேர் வாங்கிப்பாம்மா. எங்க டிரைவர் மதலைமுத்துவை யார் எடுத்துப்பா?"

மதலைமுத்து! பெட்டிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அவளுடைய சர்ச்சிலேயே அந்தப் பேரில் இரண்டு பேர் இருக்கிறார்கள்.

புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கணவனைப் பார்த்தாள். டிரெய்லரோடு பெங்களூர் சந்துபொந்தெல்லாம் ஒரு கீறல் விழாமல் ஓட்டிய மனுஷன். அந்த ஒரு பெருமையைத்தான் ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிவார்.

"போன்ல நான் சும்மா பெருமைக்குச் சொன்னேன் சார்" என்றாள். "இவர் ஓட்டினா எனக்கு உள்ளூர பயம். எங்களுக்கு டிரைவரோடதான் வண்டி வேணும்."

மைக்கேல்ராஜ் ஒரு கணம் அவளையே பார்த்தார். பிறகு கையிலிருந்த சாவியை, டேங்கைக் காலி செய்துவிட்டு வந்த மதலைமுத்துவிடம் நீட்டினார்.

"ஆமா சார். நான் சுமாராத்தான் ஓட்டுவேன்."