டெய்சிக்குப் பார்த்த வைத்தியம்

இதில் ஒரு வார்த்தை பொய்யாக இருந்தாலும், எனக்கு மிச்சமிருக்கிற பற்கள் இன்றே கொட்டட்டும்.

மகள் வீட்டுக்குக் கிளம்பும்போது என் மனைவி பால்கனித் தொட்டியைக் காட்டினாள்.

"நான் வர்றதுக்குள்ள செடி செத்துச்சுன்னா, வந்த வண்டியிலேயே திரும்பிப் போயிடுவேன். அப்புறம் நீங்களே பொங்கித் தின்னுக்கிட்டுக் கெடங்க."

ஒரு மாதம் கழித்து வந்தவள், கையில் பெட்டியோடு நேராகப் பால்கனிக்குத்தான் போனாள். தொட்டியில் டெய்சிச் செடி, இலையே தெரியாமல் பூத்துக் கிடந்தது.

"பரவாயில்லையே! எப்படிங்க?"

"சும்மாவா? நீ போனதும் இலையெல்லாம் மஞ்சளாயிடுச்சு. தண்ணி அதிகமாகி வேர் அழுகுதுன்னு பார்த்ததுமே கண்டுபிடிச்சேன். மண்ணு காயுற வரைக்கும் சொட்டுத் தண்ணி காட்டலை."

"அப்புறம்?"

"அசுவினிப் பூச்சி மொய்ச்சுது. சோப்புத் தண்ணி அடிச்சேன். குளிச்சு முடிச்சதும் அதுங்களே வரிசையா எறங்கிப் போயிடுச்சு."

"பூ?"

"அதை ஏன் கேக்கற! பூக்கவே மாட்டேன்னுச்சு. காய்ஞ்சுபோன பழைய பூவையெல்லாம் கிள்ளிட்டு, தொட்டியை வெயிலுக்கு நகர்த்தினேன். மறுநாள் பூத்த பூவுல கண்ணு கூசி, மாடி வீட்டுக்காரர் கூலிங் கிளாஸ் போட்டுக்கிட்டுத்தான் படி எறங்கினார்."

மனைவி பெட்டியைக் கீழே வைத்தாள். எனக்கு மூச்சு வந்தது. பிறகு அவள் குனிந்து, செடியின் தண்டை மேலிருந்து கீழ்வரை விரலால் நிதானமாகத் தடவினாள்.

"வைத்தியமெல்லாம் சரி. முள்ளு எங்கங்க?"

அவள் என்னிடம் விட்டுப்போனது ரோஜாச் செடி.